பிரிசில்லாவின் சாப்பாட்டு நோட்டு

பிரிசில்லாவின் தம்பி விஜய்குமாரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனுக்கு இரண்டு கிட்னியும் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸில் படுத்துக் கிடக்கிறான் என்பதற்காகப் பிடித்துப்போய்விடுமா? நோய் வந்தவனெல்லாம் நல்லவன் என்று எந்த ஊர்ச் சட்டம்?

நானும் பிரிசில்லாவும் பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரே பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருஷமாக எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறோம். நான் அட்மிஷன், அவள் டி.சி. அதற்கு முன்னால் கோலார் தங்கவயலில் ஒரே லைன் வீடு. எங்கள் இரண்டு பேருடைய அப்பாக்களும் ஒரே சுரங்கத்தில் இறங்கியவர்கள். சுரங்கம் மூடப்போகிறது என்றதும் வண்டி ஏறி இங்கே வந்தோம். வந்த மறு வருஷமே அவளுடைய அப்பா போய்விட்டார். அம்மா படுக்கையில் விழுந்தார். பிரிசில்லா வேலைக்குப் போனாள், தம்பி படித்தான்.

அவளைப் பெண் கேட்டு இரண்டு இடம் வந்தது. முதல் தடவை, தம்பி படிப்பு முடியட்டும் என்றார் அம்மா. இரண்டாவது தடவை, அம்மாவை யார் பார்ப்பது என்றான் தம்பி. படிப்பை முடித்து, வேலைக்குப் போய், சம்பூர்ணத்தைக் கட்டிக்கொண்டு வந்தவன் பேசுகிற பேச்சு! அம்மா இருபது வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தபோது பிரிசில்லாவுக்கு நாற்பத்திரண்டு வயது. இப்போது ஐம்பத்து மூன்று. இன்னமும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து அத்தனை பேருக்கும் சமைத்துவிட்டு ஆபீஸுக்கு வருகிறாள்.

டாக்டர் மாற்றுக் கிட்னிதான் வழி என்றார். சம்பூர்ணத்தின் ரத்த குரூப் சேரவில்லை. மகன் ஷெர்வினுக்கு இருபத்தைந்து வயது, எருமை மாதிரி உடம்பு. அவனைப் பரிசோதிக்கக்கூட இல்லை. வாழ வேண்டிய பிள்ளையாம், கல்யாணப் பேச்சு நடக்கிறதாம். பிறகென்ன, எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. யாரும் அவளை உட்கார வைத்துப் பேசவில்லை. அந்த வார ஜெபக்கூட்டத்தில் சம்பூர்ணம் எழுந்து நின்று, "எங்க வீட்டுக்குள்ளயே ஒரு கிட்னிய ஆயத்தம் பண்ணி வெச்ச கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சாட்சி சொன்னாள். இருபது பேர் ஆமென் சொன்னார்கள். பிரிசில்லாவும் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பரிசோதனையில் எல்லாம் பொருந்தியது. எடை மட்டும் இடித்தது. எண்பத்து மூன்று கிலோ. எட்டு கிலோ குறைத்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற கிருத்திகா என்ற பெண் ஒரு நோட்டைக் கொடுத்தாள். பக்கத்துக்கு நான்கு கட்டம்: எத்தனை மணி, என்ன சாப்பாடு, எவ்வளவு, ஏன் சாப்பிட்டீர்கள்.

எங்கள் சபையில் ஞாயிறு சாயங்காலம் முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் ஜெபம் நடக்கும். இன்னாருக்குக் காய்ச்சல், இன்னாருக்கு விசா என்று ஜெபக் குறிப்பு கொடுப்பார்கள். சம்பூர்ணம் என்ன செய்தாள் தெரியுமா? சாப்பாட்டு நோட்டையே ஜெபக் குறிப்பாகக் கொண்டுவந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிப்பாள். "வியாழன் காலைல ரெண்டு இட்லி, சட்னி இல்லாம. மத்தியானம் ஒரு சப்பாத்தி. ராத்திரி ஓட்ஸ்." எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்ஸுக்கு ஆமென் சொல்வார்கள். ஜெபம் முடிந்ததும் சமோசாவும் கேக்கும் சுற்றி வரும். இருபது ஜோடிக் கண்ணும் பிரிசில்லாவின் தட்டில் இருக்கும். உலகத்தில் வேறு யாருக்காவது இப்படி ஒரு யோசனை வருமா? டாக்டரிடம் காட்டுகிற நோட்டை ஊர் கூடி வாசித்தால், எந்த மனுஷி அதில் உண்மையை எழுதுவாள்?

ஒரு மாதம் கழித்து எடை எண்பத்து நாலரை. அன்றைக்குச் சம்பூர்ணம் புருஷனோடு டயாலிசிஸில் இருந்ததால் நான்தான் கூடப் போனேன். கிருத்திகா நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுல எழுதியிருக்கிறபடி சாப்பிட்டா நீங்க இந்நேரம் பாதியா இளைச்சிருக்கணும்மா."

"சத்தியமா அவ்ளோதான் சாப்பிடறேன்" என்றாள் பிரிசில்லா.

அடிப்பாவி! தினமும் நான்கு மணிக்கு முனைக் கடையில் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று மிளகாய் பஜ்ஜி தின்கிறவள் இவள். என்னால் அடக்க முடியவில்லை. "பஜ்ஜிய எங்க எழுதின?" என்று கேட்டுவிட்டேன். என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, அப்படியே எரித்துவிடுவாள் போலிருந்தது.

கிருத்திகா திட்டவில்லை. "வீட்ல மிச்சம் மீதி ஏதாச்சும் இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"என்ன பண்றது, வீசவா முடியும்? நான் காலி பண்ணிடுவேன்."

"அதை ஏன் எழுதல?"

பிரிசில்லா உண்மையாகவே முழித்தாள். "அது சாப்பாடு இல்லியேம்மா, மிச்சம்தான?"

கிருத்திகா நோட்டை மூடினாள். "அதையும் எழுதுங்க. பஜ்ஜியையும் எழுதுங்க. வீட்ல யாருக்கும் காட்ட வேணாம், எனக்கு மட்டும் காட்டுங்க. அந்த ‘ஏன்’ கட்டத்தை ஒரு நாள்கூட நீங்க நிரப்பவே இல்ல."

அன்றிலிருந்து இரண்டு நோட்டு. ஜெபக்கூட்டத்துக்கு ஓட்ஸ் நோட்டு. கிருத்திகாவுக்கு என்று இன்னொன்று, அது ஆபீஸ் டிராயரில். ஆண்டவருக்குப் பொய், கிருத்திகாவுக்கு உண்மை. இரண்டு வாரம் கழித்து அதை எடுத்து என் முன்னால் போட்டு, "நீதான காட்டிக் குடுத்த, படி" என்றாள்.

படித்தேன். ‘காலை ஏழரை. ஷெர்வின் வைத்துவிட்டுப் போன ஒன்றரை தோசை. ஏன்: வீண் போகக் கூடாது.’ ‘இரவு ஒன்பது. குக்கர் அடியில் பிடித்த சோறு, மூன்று கரண்டி. ஏன்: பாத்திரம் கழுவணும்.’ ‘மீன் குழம்பில் சம்பூர்ணம் ஒதுக்கிய தலை.’ ‘விஜிக்கு டாக்டர் வேண்டாம் என்ற வாழைப்பழம், கறுத்துப்போனது, நான்கு.’ பதினாலு நாளில் ஒரு வேளைகூட அவள் சூடாக, முதல் கரண்டி தனக்கென்று போட்டுக்கொண்டு உட்கார்ந்து தின்றதாக இல்லை. தின்ற அளவோ, மூன்று பேர் தின்பது. முப்பது வருஷம் அந்த வீட்டுக்குக் குப்பைத் தொட்டியாக இருந்திருக்கிறாள். பற்களைக் கடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன்.

பஜ்ஜி தனியாக வந்தது. ‘நான்கு மணி. மிளகாய் பஜ்ஜி ஐந்து. ஏன்: தெரியவில்லை.’ நாள் தவறாமல் தெரியவில்லை, தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் வேறு மாதிரி இருந்தது: ‘பஜ்ஜி ஆறு. ஏன்: தர மனசில்லை.’

"இன்னாடி இது?" என்றேன்.

"எடை குறையலன்னா ஆபரேஷன் கிடையாது. அதான் தின்றேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேணாம்னு வாயால சொல்ல வரல பிரிஜெட்."

"சொல்லித் தொலையேன்! யாரு உன் கழுத்தப் புடிச்சாங்க?"

"அவன் செத்துட்டா? நாளைக்கு அவன் செத்துட்டா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு இருக்கறது?"

நோட்டை மூடி அவள் பக்கம் தள்ளினேன். கோபம் மட்டும் அடங்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஜெபம் அவர்கள் வீட்டிலேயே. சம்பூர்ணம் ஓட்ஸ் நோட்டை வாசித்து முடித்தாள். முடித்தவள் சும்மா இருந்தாளா? நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தாள். "ஆண்டவரே, இவ்ளோ கொஞ்சம் சாப்பிட்டும் எடை ஏறுதே. அக்காவப் புடிச்சிருக்கற பெருந்தீனி ஆவிய இந்த நிமிஷமே துரத்தும் ஆண்டவரே!"

ஆவியாம்! ஆமென் என்று நான்கைந்து குரல் கேட்டது. நான் கண்ணைத் திறந்தேன். பிரிசில்லா எழுந்து நின்றிருந்தாள். கைப்பையிலிருந்து அந்த இரண்டாவது நோட்டை எடுத்தாள்.

"அது பொய் நோட்டு. நெசமான நோட்டு இதுதான்" என்று சொல்லி வாசிக்க ஆரம்பித்தாள்.

தோசை, அடிப்பிடித்த சோறு, மீன் தலை, கறுத்த வாழைப்பழம், நாள் வாரியாக, மணி வாரியாக. டி.சி. எழுதுகிறவள் அல்லவா, ஒன்றையும் விடவில்லை. ஷெர்வின் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டான். சம்பூர்ணத்தின் முகம் வெளுத்தது.

"அக்கா, நிறுத்து" என்றான் விஜய்குமார். "எல்லார் எதிர்லயும் மானத்த வாங்கறியா?"

அவள் நிறுத்தவில்லை. "நாலு மணி. பஜ்ஜி ஆறு. ஏன்: தர மனசில்ல."

விஜய்குமார் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ நான் சாவறதா?" என்றான்.

"விஜி, நீ என்னைக் கேட்டியா?" அவள் நோட்டை மூடினாள். "ஆறு மாசமாச்சு. அக்கா, உன் கிட்னிய எனக்குக் குடுப்பியான்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என் மூஞ்சியப் பாத்துக் கேட்டியா? இப்ப கேளு. கேட்டா யோசிப்பேன். ஆமாவா இல்லையான்னு உன்கிட்ட நேரா சொல்வேன்."

அவன் சுவரைப் பார்த்தான். சம்பூர்ணம்தான் பாய்ந்தாள். "கூடப் பொறந்த தம்பி, வாய் விட்டு வேற கேக்கணுமா?"

"கேக்கணும்!" என்று கத்தியது நான்தான். நாற்பது வருஷப் பழக்கத்தில் அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ஜெபக்கூட்டம் அத்தோடு கலைந்தது. சமோசா தட்டோடு அப்படியே கிடந்தது. ஒருவரும் தொடவில்லை.

அன்று இரவு பிரிசில்லா சூடாக இருந்த சோற்றில் முதல் கரண்டியைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டாளாம். எழுந்துபோய்க் கையைக் கழுவினாளாம். குக்கர் அடியில் இருந்ததைச் சீந்தவே இல்லை. மறு நாளும் அப்படித்தான். வீட்டில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் ஐந்து மணிக்கு எழுந்து சமைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான். ஆனால் சட்டி வழிப்பது நின்றது. மூன்று மாதமாகப் பஜ்ஜிக் கடைப் பக்கமே போகவில்லை. வாயால் சொல்லிவிட்டாள், இனி பஜ்ஜி சொல்ல வேண்டியதில்லை. எண்பத்து மூன்று, எண்பது, எழுபத்தேழு.

போன புதன்கிழமை எழுபத்து நாலரை. டாக்டர் கேட்டதற்கும் அரை கிலோ கீழே. "டாக்டர்கிட்ட என்ன சொல்லட்டும்மா?" என்று கிருத்திகா கேட்டாள். "தம்பி கேட்டதும் சொல்றேன்" என்றாள் பிரிசில்லா. விஷயம் வீட்டுக்கும் போய்விட்டது. இனி நடுவில் எடை இல்லை, டாக்டர் இல்லை. அவன் வாயைத் திறந்து கேட்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு விஜய்குமார் ஆபீஸுக்கே வந்துவிட்டான். டயாலிசிஸ் முடிந்து நேராக வந்திருக்கிறான், கையில் பிளாஸ்திரி. முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்து, படியேறி வந்ததற்கே மூச்சு வாங்கியது. பிரிசில்லா பேனாவைக் கீழே வைத்தாள். நான் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அவனைப் பிடிக்காத நானே, கேட்டுத் தொலைடா பாவி, கேளுடா என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் அவள் சரி என்றிருப்பாள். அவள் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும்.

"அக்கா" என்றான்.

"சொல்லு விஜி."

அவன் அவளுடைய மேஜையில் இருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்தான், திருப்பினான், திரும்ப வைத்தான்.

"ஞாயித்துக்கிழமை ஷெர்வினுக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வராங்க. மட்டன் நீ செஞ்சாத்தான் நல்லா இருக்கும்னு சம்பூர்ணம் சொல்லச் சொன்னா."

"சரி" என்றாள் பிரிசில்லா.

அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனான். பிறகு பிரிசில்லா எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது உதட்டோரம் எண்ணெய் மினுங்கியது. டிராயரைத் திறந்து நோட்டை எடுத்து எழுதினாள், மூடாமல் என் பக்கம் திருப்பி வைத்தாள்.

‘நான்கு மணி. மிளகாய் பஜ்ஜி எட்டு. ஏன்: வந்தான். கேட்கவில்லை.’