தொடாமல் எழுதிய சீட்டு

ஓர் ஆளைத் தொடாமலே அவருடைய இடுப்பில் என்ன கோளாறு என்று எழுதிவிடுகிற டாக்டர்களோடு பதினெட்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் அந்தச் சீட்டுகளை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது. 'இடுப்பு வலி. இழுவை, சூடு, பத்து நாள்.' மூட்டை தூக்குகிறவனுக்கும் அதே, தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் அதே, நாலு பெற்றவளுக்கும் அதே. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பிரிவில் நான் அட்டெண்டர். கட்டில் விரிப்பது, வெந்நீர்ப் பை நிரப்புவது, பெயர் கூப்பிடுவது என் வேலை. சீட்டில் உள்ளபடி ஆளை மிஷினில் போடுவதுதான் எங்கள் பிசியோதெரபிஸ்ட் ரத்னாபாய் அக்காவின் வேலை என்று டாக்டர்கள் நினைத்தார்கள். அக்கா அப்படி நினைக்கவில்லை.

அக்கா களியக்காவிளைக்குப் பக்கம் பிறந்தவள். அப்பா சபையில் உபதேசியார். வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தங்கி இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்தாள். ஊரில் அதைப் படிப்பென்றே யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு பிடித்துவிடுகிற வேலைக்கா இவ்வளவு தூரம் போனாய் என்று கேட்டார்கள். இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். ஆம்பிளைகளின் இடுப்பைத் தொடுகிற வேலை என்று தெரிந்ததும் இரண்டு பேரும் வந்த வழியே போனார்கள். "நல்லதாப் போச்சு கேட்டியா, அவனுவளுக்க இடுப்பும் என் தலையிலதான் விழுந்திருக்கும்" என்பாள்.

நோயாளி வந்தால் சீட்டை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவாள். முதலில் வாசலிலிருந்து கட்டில்வரை நடக்கவிட்டுப் பார்ப்பாள். பிறகு நிற்கவைத்து, பின்னாலிருந்து இடுப்பெலும்பின் மேல் இரண்டு கையையும் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே மட்டமா என்று பார்ப்பாள். குனியச் சொல்வாள், நிமிரச் சொல்வாள், பக்கவாட்டில் சாயச் சொல்வாள். மல்லாக்கப் படுக்கவைத்து முட்டி மடங்காமல் காலைத் தூக்குவாள். முதுகுத்தண்டில் நரம்பு நெரிந்திருந்தால் பாதித் தூக்கிலேயே ஆள் கத்திவிடுவார். வலி காலையிலா சாயந்திரமா, படுத்தால் குறைகிறதா, தும்மினால் இழுக்கிறதா என்று கேட்டுக் கேட்டு அட்டையில் எழுதுவாள். ஒருவருக்கு இருபது நிமிஷம் ஆகும். வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.

இவ்வளவு பார்க்கிறவளுக்கு வேலை நிரந்தரமில்லை. நூற்றெழுபத்தொன்பது நாளுக்கு ஓர் ஆர்டர். முடிந்ததும் சில வாரம் வீட்டில் இருப்பு, பிறகு இன்னோர் ஆர்டர். இப்படியே ஆறு வருஷம் ஓடியது. 1978இல் ஒருவழியாக நிரந்தர போஸ்ட் ஒன்று வந்தது. எங்கள் பிரிவுக்கும் தலைவரான எலும்பு டாக்டர் ஒரு வரி சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், போஸ்டிங் ஆகும்வரை இருக்கிற ஆர்டரே இடைவெளி இல்லாமல் நீளும். அக்காவுக்கு வயது வரம்பு மறு வருஷத்தோடு முடிகிறது. இதை விட்டால் பிறகு விண்ணப்பம்கூடப் போட முடியாது. ஃபைல் டாக்டரின் மேசையில் கிடந்தது.

அந்த மழைக்காலத்தில்தான் உச்சிமாகாளி வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, வயது முப்பத்துநாலு. நகரத்துக்குள் பட்டம் என்கிற இடத்தில் நாலுமாடிக் கட்டடம் ஒன்றில் சித்தாள், தலையில் கான்கிரீட் சட்டியோடு ஏறி இறங்குகிறவள். புருஷன் பிச்சைக்கனி அங்கேயே கம்பி கட்டுகிறவன். வருவது மூன்றாவது தடவை. முன்பு இரண்டு தடவை வந்தபோது ஆர்டர் முடிந்து அக்கா வீட்டில் இருந்தாள். அப்போதெல்லாம் சீட்டைப் பார்த்து மிஷினைப் போடுகிறவள் நான். எடை தொங்கவிட்டு இடுப்பை இழுக்கிற இழுவைப் பட்டையை இவளுக்குக் கட்டியதும் நான்தான், சூட்டு மிஷினின் தகடுகளை அடிவயிற்றுக்கும் இடுப்புக்கும் வைத்ததும் நான்தான்.

அவள் பக்கத்தில் வந்தாலே ஒரு வாடை அடிக்கும். பழைய மீன் கூடையைத் திறந்தது மாதிரி இருக்கும். பெஞ்சில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள். நான் கைக்குட்டையில் தைலம் ஊற்றி மூக்கில் கட்டிக்கொண்டேன். குளிக்காத ஜென்மம் என்று மனதுக்குள் திட்டினேன், ஒருநாள் வாய்விட்டும் சொன்னேன். டாக்டர் அவளைப் பக்கத்தில் விடாமல் மேசைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுவார். அவளுக்கு மலையாளம் வராது. டாக்டர் பிச்சைக்கனியைக் கேட்பார், அவன் "இடுப்பில வேதனையாணு சாரே" என்பான், அவர் சீட்டு எழுதுவார். மூன்று தடவையிலும் அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளை யாரும் கேட்டதுமில்லை.

மூன்றாவது தடவை அக்கா இருந்தாள். பிச்சைக்கனியைச் சாயா குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினாள். தட்டியை இழுத்து மறைத்து, சேலைக்கட்டைத் தளர்த்தி, வழக்கம்போல எல்லாவற்றையும் பார்த்தாள். கால் நன்றாக உயர்ந்தது. முதுகு வளைந்து கொடுத்தது. இடுப்பெலும்பை இரண்டு பக்கமும் அமுக்கினாலும் வலி இல்லை.

"எத்தன பிள்ள மக்கா?"

"அஞ்சுக்கா. ஒண்ணு தங்கல."

"வலி எப்பம்? காலையிலயா, அந்திக்கா?"

"அந்திக்குத்தான். சட்டி எறக்கும்போது அடிவயிறு அப்படியே கீழ இழுத்துட்டுப் போவும். படுத்தா தேவல."

அக்கா அவள் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "கீழ எதாவது எறங்கி வருதா?"

உச்சிமாகாளி கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். கண்ணிலிருந்து நீர் காதுக்குள் போனது. "முன்ன வந்துச்சுக்கா. இப்ப வரல. வளையம் போட்டிருக்குல்லா."

கடைசிப் பிள்ளை பிறந்து கருப்பை இறங்கியபோது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் யாரோ ஒரு நர்ஸ் போட்ட ரப்பர் வளையம் அது. மூன்று மாதம் கழித்து வா, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் கட்டட வேலைக்கு இங்கே வந்துவிட்டார்கள். எவ்வளவு நாளாயிற்று என்று அக்கா கேட்டாள். ஏழு வருஷம் என்றாள் அவள்.

"ஏன் ஒருத்தர்ட்டயும் சொல்லல?"

"எடுத்துட்டா எல்லாம் விழுந்துரும்லாக்கா. அப்புறம் எப்படிச் செமக்க? மேஸ்திரி வேற ஆளப் போட்டுருவாரு. எங்க வீட்டுக்காரவுகளுக்கும் தெரியாது. அவுகள வச்சிக்கிட்டு டாக்டருட்ட என்னத்தச் சொல்ல?"

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கழுவி மாற்ற வேண்டியது ஏழு வருஷமாக உள்ளே கிடந்து சதையை அறுத்துச் சீழ் வைத்திருக்கிறது. வாடை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன் மேல்தான் இருபது நாள் நான் சூடு வைத்திருக்கிறேன். பின்பக்கக் குழாயடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். என் மேலேயே எனக்கு அப்படி ஓர் அருவருப்பு அதற்கு முன் வந்ததில்லை.

அக்கா சீட்டோடு டாக்டரிடம் போனாள். நான் வாசலில் நின்றேன்.

"தானாரா, டாக்டரோ?" என்றார் அவர், நீ யார், டாக்டரா என்று. "சீட்டில எழுதியது செய்தால் மதி, அது போதும்."

"அழுகிக் கிடக்குத எடத்துல சூடு வைக்க எனக்கு ஒக்காது சார்."

அவர் மேசைமேல் கிடந்த அக்காவின் ஃபைலை ஒரு தடவை பார்த்தார். அக்காவும் பார்த்தாள். பிறகு வெளியே வந்து உச்சிமாகாளியின் கையைப் பிடித்து, வராந்தா முழுவதும் நடத்தி, பெண்கள் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த லேடி டாக்டர் பார்த்த உடனே அட்மிட் பண்ணினார். மறுநாள் மயக்கம் கொடுத்து வளையத்தை எடுத்தார்கள். புற்று இல்லை, புண் ஆறிவிடும் என்றார்கள். ஆறியபின் அடியிடுப்புத் தசைக்கு அக்கா பயிற்சி கொடுக்க வேண்டும், அதில் கருப்பை நிற்காவிட்டால் ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

லேடி டாக்டர் கேஸ் ஷீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். எலும்புப் பிரிவில் மூன்று முறை பார்த்தும் எந்த டாக்டரும் பரிசோதிக்கவில்லை என்று அதில் இருந்தது. ஆஸ்பத்திரி சூப்பிரண்ட் எலும்பு டாக்டரிடம் விளக்கம் கேட்டார். ஒரு திங்கட்கிழமை எங்கள் டாக்டர் அக்காவைக் கூப்பிட்டார். சாயா கொண்டுபோன நான் உள்ளே இருந்தேன். மேசைமேல் அக்காவின் ஃபைலும், அவள் எழுதிய உச்சிமாகாளியின் பரிசோதனை அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அட்டையில் அடியில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. டாக்டர் அன்றைக்கு மிகவும் மரியாதையாகப் பேசினார். பெண்கள் பிரிவுக்குப் போகும்படி டாக்டர் முன்பே இரண்டு தடவை சொல்லியும் போகவில்லை என்று நோயாளியே கூறினாள் என்று அங்கே எழுதிவிட்டால் போதும், சிபாரிசில் இப்போதே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். பேனாவையும் அவரே திறந்து நீட்டினார். அந்தப் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட வேண்டும்போல் இருந்தது எனக்கு.

அக்கா நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள்.

திரும்பி வந்தால் எங்கள் பெஞ்சு நிறையப் பெண்கள். எல்லோரும் பட்டம் கட்டடத்துச் சித்தாள்கள், உச்சிமாகாளியின் ஊர்க்காரிகள். வார்டில் அவளைப் பார்க்கப் போனபோது அவள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவர்களில் வயதான பூமாரி எழுந்து வந்து அக்காவின் காதோடு சொன்னாள். "அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல வரிசையா நிக்கவச்சு எங்க எல்லாத்துக்கும் அந்த வளையத்தப் போட்டாவம்மா."

எண்ணிப் பார்த்தேன், பதினோரு பேர். லேடி டாக்டரிடம் போகலாம் என்று அக்கா சொன்னதும் பாதிப் பேர் கிளம்பப் பார்த்தார்கள். அக்கா பார்த்தால் படுக்கிறோம், வேறு யாரும் தொடக்கூடாது என்றார்கள். அக்கா ஒவ்வொருத்தியாகத் தட்டிக்குள் கூப்பிட்டு, அன்று மாலைவரை தண்ணீர்கூடக் குடிக்காமல் பார்த்தாள். லேடி டாக்டர் எடுக்கும்போது நானும் பக்கத்தில் நிற்பேன் என்று ஒவ்வொருத்திக்கும் சத்தியம் பண்ணிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் டாக்டரின் அறைக்குப் போய் அந்த வரியை எழுதினாள். அவள் கையெழுத்து எப்போதும்போல அச்சடித்த மாதிரி இருந்தது. டாக்டர் ஃபைலில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாள் கழித்து சூப்பிரண்டின் ஆபீசிலிருந்து ஒருவர் வார்டுக்கு வந்து, பிச்சைக்கனியை வைத்துக்கொண்டே உச்சிமாகாளியைத் திட்டினார். டாக்டர் சொன்னால் கேட்கத் தெரியாதா, உன்னால் ஆஸ்பத்திரிக்கல்லவா கெட்ட பேர் என்றார். அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அக்காவைப் பார்த்தாள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "ஆமா சார், எந் தப்புதான்" என்றாள் உச்சிமாகாளி. பிச்சைக்கனி எல்லோருக்கும் முன்னால் அவளை நாறச் சிறுக்கி என்றான்.

எனக்கு அக்காவின் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. வெந்நீர்ப் பைகளை மேசைமேல் தொப்புத்தொப்பென்று போட்டேன். கடைசியில் அடக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"அந்த மனுஷனுக்க முடைநாத்தத்த எல்லாம் அந்தப் பொம்பளைக்க தலையில கவுத்துட்டியளே அக்கா. ஒரு வேலைக்காவ இப்படியா?"

அக்கா கை கழுவிக்கொண்டிருந்தாள். சோப்புப் போட்டு, நகக்கண்களைத் தேய்த்து, மறுபடியும் சோப்புப் போட்டாள்.

"எனக்கும் அறப்பும் அருவருப்புமாத்தான் இருக்கு" என்றாள். "எட்டுப் பேருக்கு இன்னும் எடுக்கல. நான் எழுத மாட்டேன்னு சொல்லியிருந்தா இந்த வெள்ளிக்கிழமயோட என் ஆர்டர் முடியும். சனிக்கிழம அவளுவ வந்தா சீட்டப் பாத்து மிஷின் போடுதது ஆரு?"

நான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

"நீதான்" என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னாள்.