நயாகராவின் நைட் ஷிஃப்ட்

போன சனிக்கிழமை திரும்பவும் நயாகரா போனேன்.

எத்தனையாவது தரம் என்று கேட்காதீர்கள். டொரோண்டோவில் குடியிருப்பவர்களுக்கு அது ஒரு தண்டனை. ஊரிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒரு விசிட்டர் வந்து இறங்கினால் போதும்... புட்டைக் கட்டு, கோழிக்கறியைக் கட்டு, வான் வண்டியில் ஏறு. நீங்களும் அனுபவித்திருப்பீர்கள்தானே?

இந்த முறை வந்தவர் என் ஒன்றுவிட்ட தம்பி ஜெயம். நோர்வேக்காரர். டோர்செட் பார்க்கில் எங்கள் வீட்டு வாசலில் வான் வெளிக்கிட்டதும் தொடங்கியவர்தான்.

“அக்கா, எங்கட நோர்வேயில கரண்ட் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணியிலதான். மலையில தண்ணியைத் தேக்கி, குழாயால கீழ விட்டு, சக்கரத்தைச் சுத்த வைக்கிறம். புகை இல்லை, நிலக்கரி இல்லை.”

‘சுத்த வைக்கிறம்’! இவர்தான் விடிய எழும்பி மலைக்குப் போய்ச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வருகிறவர் போல. அங்கே இவருக்கு ஹோட்டலில் சமையல் வேலை.

ஆட்களுக்கு முன்னால் எனக்குக் கதை வராது. பேனை பிடித்தால்தான் இந்த வாயெல்லாம் — இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதானே.

என் கண் முழுக்க மகன் சுதனில் இருந்தது. ரெக்ஸ்டேலில் ஒரு வெயார்ஹவுஸில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, முகம் கழுவிய கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தவன். கிழமை நாட்களில் பகலில் டெலிவரி வேலை வேறு. வீட்டு வாடகை, கரண்ட் பில் எல்லாம் அவன் தலையில். “ஒரு நாள்தானே அம்மா” என்றுவிட்டான். எனக்கு வான் ஓட்ட வராது, ஜெயத்துக்கும் தெரியாது. நோர்வேயில் பஸ் அவ்வளவு திறமாம், லைசென்ஸ் தேவைப்படவில்லையாம்!

அருவியைக் கண்டதும் ஜெயம் கொஞ்ச நேரம் கதைக்காமல் நின்றார். நயாகராவின் உண்மையான அதிசயம் அதுதான்.

பிறகு தொடங்கினார். “இவ்வளவு தண்ணியும் சும்மா விழுது! எங்கட ஆக்கள் எண்டால் கரண்ட் எடுத்திருப்பினம்.”

“இங்கயும் எடுக்கினம் மாமா,” என்றான் சுதன். “அருவிக்கு மேலயே ஒரு பங்கைத் திருப்பி, சுரங்கத்தால மெசினுகளுக்கு விடுவினம். பகலில சனம் பாக்க வருகுது எண்டு நிறைய விழ விடுவினம். இரவில பாதியாக் குறைச்சுப்போட்டு, மிச்சத்தைக் கரண்டுக்கு எடுப்பினம். எந்த நேரத்தில எவ்வளவு எண்டு கனடா, அமெரிக்கா ரெண்டு நாடும் ஒப்பந்தம் எழுதி வைச்சிருக்கு.”

“அப்ப உது எங்களுக்குக் காட்டத்தான் விழுதோ?”

பகலில் விசிட்டருக்கு முகம் காட்டு, இரவில் மெசினுக்குப் போ... எனக்குத் தெரிந்த ஆள் போல இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தால் — கம்பியைப் பிடித்தபடி, நின்ற நிலையிலேயே சுதனுக்குக் கண் சொருகுகிறது.

ஜெயம் விடுவதாக இல்லை. “வாடா தம்பி, அந்தப் பவர் ஸ்டேஷனையும் ஒருக்காப் பாத்திட்டு, அப்பிடியே வீட்ட ஓடுவம்.”

ஓடுவமாம்! ஹைவேயில் எங்களை முந்திப் போன லொறிகள் எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

“சுதன், வான் திறப்பைத் தா.”

“ஏனம்மா, நீங்கள் ஓட்டப் போறீங்களோ?”

“இல்லை. நீ பின் சீற்றில படுக்கப் போறாய்.”

“அக்கா, நேரம் போகுது...”

“போகட்டும் தம்பி. அருவிக்கே நேரம் குறிச்சு ஒப்பந்தம் இருக்கு. இவனுக்கு எழுத ஒருத்தரும் இல்லை, அதால நான் வாயால சொல்லுறன். இவன் எழும்பும் மட்டும் வான் வெளிக்கிடாது. நீர் போய்த் தண்ணியைப் பாரும்.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஜெயம் வேறு வழியில்லாமல் தண்ணியைப் பார்த்தார். வானுக்குள் சுதன் குறட்டை. கதவடியில், திறப்பைக் கைக்குள் பொத்திப் பிடித்தபடி நான் காவல்.

கரண்ட் எப்படி வருகிறது என்று இனி யாராவது கேட்டால் சொல்வேன்: நோர்வேயில் மலையிலிருந்து வருகிறது, எங்கள் வீட்டில் நைட் ஷிஃப்டிலிருந்து வருகிறது!