துளசிக் கூடைக்கு ஒரு டிக்கெட்

ஸ்ரீரங்கம் போய் வந்தவர்கள் ராஜகோபுரத்தைப் பற்றி எழுதுவார்கள். நான் ஒரே நாளில் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. துளசிச் சுமையோடு போகிறவர்களுக்குத் தரைதான் தெரியும்.

கோவையில் காலையில் பஸ் ஏறி, திண்டுக்கல்லில் மாறி, வையம்பட்டியில் இறங்கும்போது பிற்பகல் ஆகிவிட்டது. சித்தி மகள் கலைவாணி மொபெட்டோடு நின்றிருந்தாள். அவளும் அவள் கணவர் முருகேசனும் அரை ஏக்கரில் துளசி போட்டிருக்கிறார்கள். பறித்த துளசி ஸ்ரீரங்கத்தில் கோபாலன் என்பவருடைய மாலைக் கடைக்குப் போகிறது. கொஞ்ச நாளாக அவருக்குத் திருப்தியில்லை. வாசனை போதவில்லை என்கிறார். இந்த ஏகாதசிச் சுமையும் அப்படியே இருந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாராம். அவளுக்கு இருப்பது இந்த ஒரு கடைதான். மறுநாள் ஏகாதசி. அதனால்தான் ஃபோனில், "தையக்கடைய ரெண்டு நாளு பூட்டுக்கா, எனக்குத் தெம்பா இருக்கும்" என்று என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

நேரே தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். நாலு வரிசையின் மேல் கறுப்புத் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. பக்கத்து வரிசைகளில் ஒவ்வொரு தண்டிலும் ஒரு குண்டூசி. வேருக்கு ஐஸ் தண்ணீர் வேறு ஊற்றியிருக்கிறாள்.

"துளசிக்கு ஊசி குத்தியிருக்கா அண்ணி. பெருமாள் கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார் முருகேசன்.

கலைவாணி செல்ஃபோனை என் கையில் கொடுத்தாள். அதில் ஒரு வீடியோ: தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர் கூடாரத்துக்குள் செடி வளர்க்கிறார். அறுவடைக்கு முன் கடைசி வாரத்தில் உரத்தை நிறுத்தி வெறும் தண்ணீர் விட வேண்டுமாம், அப்போதுதான் கசடு போகுமாம். வெட்டுவதற்கு முன் இரண்டு நாள் இருட்டு. வேருக்கு ஐஸ் தண்ணீர். தண்டில் ஆணி. செடி பயந்துபோய் எண்ணெயை எல்லாம் இலைக்கு அனுப்பிவிடும் என்கிறார். பேச்சு கலைவாணிக்குப் புரியாது. கீழே ஓடிய தமிழ் எழுத்தில் 'மூலிகை' என்று இருந்தது, அது போதுமாக இருந்திருக்கிறது. நான் அந்த ஐந்து விரல் இலையைப் பார்த்தேன். போலீஸ்காரர்கள் பிடித்து வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்களே, அதே இலை.

"கலை, இது கஞ்சாச் செடிடீ."

அவள் கொஞ்சம் திகைத்தாள். உடனே சமாளித்துக்கொண்டாள். "எந்தச் செடியா இருந்தா என்னக்கா? அவனும் வாசனைக்குத்தானே இவ்வளவு பாடு படறான்?"

என் கைப்பையில் எப்போதும் நூல்கண்டுகள் கிடக்கும். இருட்டில் இருந்ததற்குச் சிவப்பு நூல், ஐஸும் ஊசியும் கண்டதற்கு நீல நூல், ஒன்றுமே செய்யாததற்கு வெள்ளை நூல் என்று கட்டச் சொன்னேன். எது மணக்கிறது என்று கடையிலேயே தெரிந்துபோகும் அல்லவா?

மறுநாள் கிழக்கு வெளுத்ததுமே பறித்தார்கள். தார்ப்பாயைத் தூக்கியபோது அடியிலை மஞ்சளாகி உதிர்ந்தது. கலைவாணி உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர நிறுத்தவில்லை. மூன்று நிறக் கட்டுகளையும் ஈரச் சாக்கில் அடைத்து, மேலே ஒரு குடம் தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து வாயைத் தைத்தாள். அந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், வாடாமல் இருக்குமாம். வெள்ளை நூல் வரிசையிலேயே எனக்கும் ஒரு பிடி பறித்துத் தந்தாள். இருமலுக்கு ஆகும் என்று துணிப்பையில் போட்டுக்கொண்டேன்.

காலை 6.15. திருச்சி பஸ். ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய், சாக்குக்குத் தனியாக இருபது. "மூட்டைய முன்னாடி இன்ஜின் பக்கம் வெச்சிருங்க" என்றார் கண்டக்டர். வைத்தோம். மணப்பாறையில் கூட்டம் ஏறியது. என் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். ஐம்பது கிலோமீட்டர் தூரமும் கலைவாணி ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் கிடந்த சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருச்சியில் பஞ்சப்பூர் பஸ் நிலையத்தில் இறங்கி டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம். சத்திரம் பஸ் நிலையம் தாண்டிக் காவிரிப் பாலம், அப்புறம் ஸ்ரீரங்கம். மணி எட்டரை. ஏகாதசிக் கூட்டம் கோபுர வாசலிலிருந்து தெருவரை நின்றது. கோபாலன் அறுபது வயது மனிதர், பளிச்சென்ற திருமண், கையில் நார். சாக்கின் தையலைப் பிரித்து முகத்தை அருகே கொண்டுபோனவர், சட்டென்று பின்வாங்கினார்.

"என்னம்மா இது, வேகவெச்ச கீரையாட்டம்னா இருக்கு! பெருமாளுக்குச் சாத்தற திருத்துழாய் இப்படியா இருக்கும்? நாளைக்குத் துவாதசி, யாரும் பறிக்க மாட்டா. ரெண்டு நாளைக்கும் இதை நம்பித்தானே உட்கார்ந்திருக்கேன்!"

கலைவாணி கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். சிவப்பு, நீலம், வெள்ளை. மூன்றும் தொட்டால் கொதித்தன; மூன்றிலும் ஒரே புளித்த நெடி. பாவம், அவள் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை தேடி என் துணிப்பைக்குள் கையை விட்டாள். விட்ட கையை அப்படியே மூக்கருகே கொண்டுபோனாள்.

"அக்கா, இது எந்த வரிசை?"

"வெள்ளை. நீதானே பறிச்சுக் குடுத்தே?"

"சாக்குக்குள்ள இருக்கற வெள்ளையும் இதே வரிசைதான்." என் பிடித் துளசியைக் கோபாலனிடம் நீட்டினாள். "ஐயா, இதை மோந்து பாருங்க."

அவர் வாங்கி முகர்ந்தார். இன்னொரு தடவையும் முகர்ந்தார். "இதே தோட்டமா?"

"இதே தோட்டங்க. செடி நல்லாத்தான் இருந்திருக்கு. தண்ணி தெளிச்சு, மிதிச்சு, இன்ஜின் சூட்டுல வெச்சு நான்தான் அவிச்சுக் கொண்டாந்திருக்கேன்." குரலில் அழுகை போய்விட்டிருந்தது. "சாயங்காலத்துக்குள்ள வேற கொண்டு வரேன். அது வரைக்கும் வேற யார்கிட்டயும் துளசி கேட்டுடாதீங்க."

"உச்சி தாண்டிப் பறிச்சதை நான் தொட மாட்டேன்" என்றார் அவர். அது அவர்கள் வழக்கம்.

"தெரியுங்க."

எனக்கு அன்று மதியம் திருச்சியிலிருந்து கோவைக்கு ரயில். டிக்கெட்டும் எடுத்திருந்தேன். இவளைத் தனியாக அனுப்பிவிட்டு ரயிலில் உட்கார்ந்தால் எனக்கு எங்கே சோறு இறங்கும்? அவளோடேயே டவுன் பஸ் ஏறினேன். பாலத்தின் மேல் போகும்போது அவள் கணவருக்கு ஃபோன் செய்தாள்.

"ஏங்க, அடுத்த வாரத்துக்கு விட்டிருக்கோமே, அந்த வரிசையெல்லாம் பறிக்க ஆரம்பிங்க. ஆமா, முழுக்கவும். ஒரு சொட்டுத் தண்ணி தெளிக்கக் கூடாது. சாக்கு வேணாம், தக்காளிக் கூடை எடுத்து வைங்க." அடுத்த வாரத்துக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். "இன்னிக்கு நிக்கலன்னா அடுத்த வாரமே கிடையாதுக்கா" என்றாள்.

பதினொரு மணிக்கு வையம்பட்டி. முருகேசன் பாதி முடித்திருந்தார். நாங்களும் குனிந்தோம். கொதிக்கும் வெயில், இடுப்பு விட்டுப்போனது. தையல் மெஷினில் உட்கார்ந்தே பழகிய உடம்பு என்னுடையது. உச்சிக்கு முன்பே கலைவாணி கையை உதறி எழுந்துவிட்டாள். பக்கத்திலேயே நல்ல கொழுந்து தளதளவென்று நின்றது, தொடவில்லை. பெரிய மூங்கில் கூடையில் அழுத்தாமல் அடுக்கி, வாழை இலையால் மூடினாள்.

பிற்பகல் பஸ்ஸில் கண்டக்டர் வேறு ஆள். ஆனால் வசனம் அதே வசனம்தான்.

"கூடைய இன்ஜின் பக்கம் வைம்மா."

"வைக்க முடியாதுங்க. சீட்டுல வெச்சுக்கறோம்."

"சீட்டுலயா? அப்போ அதுக்கும் முழு டிக்கெட் ஆகும்."

"மூணு டிக்கெட் குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கம்பீரமாகத் தலையாட்டினேன். ஜன்னலோரம் கூடை, நடுவில் கலைவாணி, ஓரத்தில் நான். மணப்பாறையில் ஏறிய ஒருவர் கூடையை நகர்த்தச் சொன்னபோது மூன்றாவது டிக்கெட்டைக் காட்டினாள். அவர் திருச்சி வரை முறைத்துக்கொண்டே நின்று வந்தார்.

மாலை நான்கு மணிக்குக் கடை வாசல். வாங்க நின்றவர்களில் ஒரு அம்மா எங்களைக் கண்டதுமே விலகி வழிவிட்டு, "துளசி வரது" என்றார். கூடை இன்னும் மூடியேதான் இருந்தது. கோபாலன் இலையை விலக்கினார், ஒரு கொத்தை எடுத்தார். முகர்ந்து பார்க்கவேயில்லை, நாரை இழுத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார். நாலைந்து கண்ணி விழுந்த பிறகுதான் பேசினார்.

"நாளன்னிக்கு எத்தனை மணிக்கு வருவேள்?"

"முதல் பஸ்லங்க" என்றாள் கலைவாணி. வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

கோவையில் என் கடைக்கு, தைத்த ரவிக்கையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டு, மறுநாள் தையல் சரியில்லை என்று வருகிறவர்கள் உண்டு. அவர்களோடு வருஷக்கணக்காகச் சண்டை போடுகிற நான், அந்தக் காலையில் சாக்கை மிதித்தபோது பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. கஞ்சாக்காரரைக் கேலி செய்யவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

பஞ்சப்பூரில் அவள் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினாள். என் கோவை பஸ் வர இன்னும் நேரமிருந்ததால் கீழேயே நின்றேன். காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்து, அதை இன்ஜின் பக்கம் வைக்கச் சொன்னார்.

"முடியாதுங்க" என்று அவள் சொன்னது வெளியே நின்ற எனக்குக் கேட்டது.