எஸ்தர் டாக்டரின் இரண்டு செட் பிரேக் பேட்

ஞாயிற்றுக்கிழமை காலை எஸ்தர் டாக்டர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார் என்று ஐயம்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் காத்திருந்தேன். அவருடைய கார் தறிக் கொட்டகைக்கு வெளியே, பந்தயத் தடத்துக்குத் தயாராக நின்றது. ஆட்டோ வரவில்லை. அவர் தம்பி சாமுவேலிடமிருந்து போன் வந்தது. அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். பிறகு, அடுத்து என்ன சொல்வதென்று தெரியாதவர்போல, "கார உள்ள வுட்டுடும்மா, வெயில்ல நிக்கப்போவுது" என்றார்.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களைத் தூங்கவைத்த மயக்க மருந்து டாக்டர் அவர். இந்த இடத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர் இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பார். நான் சொல்லவில்லை.

ஆபரேஷன் தியேட்டரில் மட்டும் அவரைப் பார்த்தவர்களுக்கு மறுபாதி தெரியாது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, செகண்ட் ஹேண்டில், இரண்டே இருக்கைகள் கொண்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். காஞ்சிபுரத்தில் அவர் வீட்டுச் சந்தில் நுழைந்தால் அதன் அடிவயிறு தரையில் உரசும். அதனால் எங்கள் கொட்டகையில் இடம் கேட்டு வந்தார். புடவை பார்டர்களைக் கணினியில் வடிவமைக்கும் நான் அப்போதுதான் அவருக்கு அறிமுகமானேன். காரை எடுப்பதற்கு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வருவார். கூட வருபவர்கள் வண்டி எங்கே என்று கேட்டால் ரிப்பேர் என்பார். உண்மையைச் சொன்னால் யாரும் நம்பவில்லையாம்.

அந்தக் கார் வார நாட்களில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்; சில ஞாயிறுகளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயத் தடத்தில் ஓடும். சக்கரத்து டிஸ்க்கை இறுக்கிப் பிடித்துக் காரை நிறுத்தும் பிரேக் பேட், இரண்டுக்கும் ஒரே வகை போதும் என்றுதான் முதலில் நினைத்தார். ரோட்டுக்கான சாதாரண பேடோடு தடத்தில் இறங்கினோம். நான் பக்கத்து இருக்கையில். மூன்றாவது சுற்றில் ஒரு வளைவுக்கு முன்னால் பெடலை மிதித்தார். பேட் சூட்டில் பிடியை விட்டிருந்தது. கார் நேராகப் போய், தடத்தோரம் கொட்டியிருந்த ஜல்லிக்குள் புதைந்து நின்றது. புகை அடங்கியதும், "பேஷண்ட் பாதியில முழிச்சிக்கினாரு" என்றார்.

அடுத்து, தடத்துக்கென்றே செய்த பேட் வாங்கினார். அது சூடேறினால்தான் பிடிக்கும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். காஞ்சிபுரத்தின் காலை நெரிசலில் எப்படிச் சூடேறும்? மறுநாளே ராஜ வீதியில், டீ குடித்துக்கொண்டு நின்ற ஓர் ஆட்டோக்காரரை நோக்கி, கீச்சென்ற பெருஞ்சத்தத்தோடு வேகம் சிறிதும் குறையாமல் போனோம். ஹேண்ட் பிரேக்கை இழுத்ததில் கார் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவர் டீயைக் கீழே வைக்கவில்லை. "ஹாரன் வேற மாதிரி வச்சிக்கிறீங்க" என்றார்.

செய்தி எங்களுக்கு முன்னால் டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டது. சாமுவேலுக்கு முதலிலிருந்தே அந்தக் கார் ஆகாது. அன்று அக்காவை வாசலிலேயே நிறுத்தி வைத்து, யார் மேலாவது பட்ட பிறகுதான் புத்தி வருமா என்று கேட்டார். டாக்டர் அவர் முன்னால் வாக்குக் கொடுத்தார்: "ஒரு ஆள் மேல பட்டுதுன்னா அன்னிக்கே வித்துடறேன்டா." அவர் வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதன்பின் பேட் தேர்வு என்பது அந்தக் காரின் ஆயுள் பிரச்சனை ஆகிவிட்டது.

ரோடு, தடம் இரண்டுக்கும் ஏற்றது என்று ஒரு பேட் விற்கிறார்கள். அதையும் வாங்கினோம். அதன் குணத்தை முழுதாக அறிய என் அப்பா விடவில்லை. ஆயுத பூஜை அன்று தறியைத் துடைத்து எண்ணெய் போட்டவர், பக்கத்தில் நின்ற காரை மட்டும் எப்படி விடுவது என்று, சக்கர இடுக்கு வழியாகக் கைவிட்டு பிரேக் டிஸ்க்குகளுக்கும் அன்போடு தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். மழையில் லேசாகத் துரு ஏறியிருந்ததாம். மறுநாள் காலை ரிவர்ஸ் எடுத்த டாக்டர், எங்கள் மாட்டுக்கு வாங்கிவைத்த வைக்கோல் போரில் போய் நின்றார். எண்ணெய் குடித்த பேடுகள் குப்பைக்குப் போயின. வியர்த்துப்போய் நின்ற அப்பாவிடம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "அண்ணே, தறிக்கு எண்ணெ போட்டா ஓடும். இதுக்குப் போட்டாலும் ஓடும். அதான் பிரச்சனை." மறு வருஷத்திலிருந்து பானெட்டில் ஒரே ஒரு குங்குமப் பொட்டு. அதற்கு டாக்டர் மறுப்புச் சொல்லவில்லை.

அந்தப் பேடையே திரும்ப வாங்கலாமே என்றேன். "கொழந்தைக்கும் பயில்வானுக்கும் நடுவுல ஒரு மருந்து அளவு பாத்து, ரெண்டு பேருக்கும் அதையே போடுவேனாமா நானு?" என்றார். இரண்டு செட் வைத்துக்கொள்வதென்று முடிவானது. சனிக்கிழமை மாலை தடத்துப் பேட், ஞாயிறு மாலை மறுபடி ரோட்டுப் பேட். ஒருவர் டார்ச் பிடிப்போம், ஒருவர் மாட்டுவோம். நான் ஏதாவது புத்தகத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பேன். போல்ட் முறுக்கும்போது மட்டும் நிறுத்தச் சொல்வார். அவருடைய கடைசிச் சனிக்கிழமையும் அப்படித்தான் போனது. நாவலின் முடிவைக் காலையில் சொல்கிறேன் என்றிருந்தேன்.

திங்கட்கிழமை அடக்கம். சொந்த ஊரான முசரவாக்கத்துக்கு வேன் கிளம்பும் நேரத்தில் சாமுவேல் போன் செய்தார். "அக்கா வண்டியும் பின்னால வரட்டும்மா" என்றார். காரில் தடத்துப் பேட் இருந்தது. மாற்ற நேரமில்லை. சரி என்று நானே காரை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போனேன்.

ஊர்த் தெருவுக்குள் வேன் திரும்பியதும் எல்லோரும் இறங்கி நடந்தார்கள். வேன் ஊர்ந்தது. எனக்கும் வேனுக்கும் நடுவே டாக்டரின் சொந்தக்காரர்கள், கிழவிகள், குழந்தைகள். பேட் ஜில்லென்று இருந்தது. ராஜ வீதியில் நடந்ததற்குப் பிறகு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது: "லேசா மிதிச்சிக்கினே போம்மா. சத்தம் போடும், போடட்டும். சூடு ஏறும்." ஒரு காலால் ஆக்சிலரேட்டரையும் மறு காலால் பிரேக்கையும் மிதித்தபடியே போனேன். கார் தெரு நெடுகக் கீச்சிட்டது. பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்கள் சுருதியை இழந்தார்கள். ஒரு பெரியம்மா திரும்பிப் பார்த்து, "இதுக்கு மட்டும் அழுகைய அடக்க முடியல பாரு" என்றார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் வேன் சட்டென்று நின்றது. எனக்கு முன்னால் நடந்தவர்களும் நின்றார்கள். மொத்த பலத்தோடு மிதித்தேன். பிடித்தது.

சாமுவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்து, பம்பருக்கும் அந்தப் பெரியம்மாவின் புடவைக்கும் நடுவே தன் கையை விரித்து வைத்துப் பார்த்தார். "படல" என்றார். அழுதுகொண்டிருந்த முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மாலை அவர் ஷேர் ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். விலை பேச ஆள் யாராவது கூட வருகிறார்களோ என்று பார்த்தேன். யாரும் இல்லை. ரோட்டுப் பேட் மாற்ற வேண்டுமாமே என்று கேட்டு, டார்ச்சை வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தைத் தவறான இடத்திலேயே காட்டிக்கொண்டிருந்தார். முடித்துக் கை கழுவும்போது, "சனிக்கெழம மறுபடியும் கழட்டணுமா?" என்றார்.

தேய்ந்துபோன பழைய பேட் இரண்டு என் புத்தக வரிசையின் இரு முனைகளிலும் சாயாமல் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. டாக்டரிடமிருந்து என்னிடம் தங்கியவை அவையும், சனிக்கிழமை மாலைகளும்.

கழற்ற வேண்டும் என்றேன்.