ரெண்டு முனுசாமியும் ஒரு மொட்டையும்

மூன்று வயதாகியும் எங்கள் கோபிக்கு மொட்டை போடவில்லை. குலதெய்வம் எதுவென்று தெரிந்தால்தானே போடுவதற்கு! என் கணவரின் தாத்தா முனுசாமி, பங்காளிச் சண்டையில் "இந்த மண்ணை இனி மிதிக்க மாட்டேன்" என்று செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்தவர். ஊர் பேரையும் சாமி பேரையும் கடைசிவரை சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். கோபிக்கோ இரட்டைச் சடை. மே மாத வெயிலில் தலை முழுக்கக் கொப்புளம், பிள்ளை தூங்காமல் அழுகிறான். எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, இந்த மாசத்துக்குள்ள சாமியைக் கண்டுபிடிங்க. இல்லாட்டி சலூனுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பேர் கோவிந்தசாமி. அரண்டுபோனார்.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. 2006 மே மாதம், ஒரு புதன்கிழமை, மாமா, நான், கோபி மூவரும் காலை 8.10 மின்சார ரயிலில் கிளம்பினோம். செங்கல்பட்டுக்கு ஐம்பது நிமிடம், டிக்கெட் எட்டு ரூபாய். கொளவாய் ஏரி வந்ததும் கோபி "கடல்!" என்று கத்தினான். நான் திருத்தவில்லை.

ஊர் பேராவது தெரியட்டுமே என்று, தாத்தா பேரில் இருக்கும் பழைய பத்திர நகல்களைத் தேடி வைக்கும்படி அங்கே ஒரு பத்திரம் எழுதுபவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். "இன்னா சார் இது? முனுசாமி மகன் கோவிந்தசாமி, கோவிந்தசாமி மகன் முனுசாமி, மறுபடியும் கோவிந்தசாமி. உங்க வூட்ல பேருக்கு அவ்ளோ பஞ்சமா?"

பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் கணவரும் முனுசாமிதான், கோபியும் பள்ளிக்கூடத்தில் கோவிந்தசாமி ஆகப்போகிறவன்தான். நகல்களில் ஒன்றில், கோவிந்தசாமி மகன் முனுசாமி திருவிடந்தை பக்கம் ஒரு தோப்பு வாங்கியிருந்தார். மாமா குதித்தார். "எங்கப்பாதான்!"

"சார், இந்தப் பக்கம் தடுக்கி வுழுந்தா ஒரு முனுசாமி மேலதான் வுழணும். எதுக்கும் விசாரிச்சிக்கினு போங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மாமா பஸ் ஸ்டாண்டுக்குப் பாதி தூரம் போயிருந்தார்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஒரு மணி நேரம். அங்கே மாறி, ஈ.சி.ஆரில் திருவிடந்தைக்கு இன்னும் அரை மணி. (திருப்போரூர் வழி சுருக்கம். மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.) கல்யாணம் கூடிவர வேண்டிக்கொள்பவர்கள் தேடி வரும் பெருமாள் அங்கே. ஆட்டோக்காரர் கோபியின் சடையைப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு இப்பவே வரன் பாக்குறீங்களா?" என்றார்.

தோப்பைக் கண்டுபிடித்தோம். அங்கே இருந்த வீட்டிலிருந்து கன்னியம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், கணீர்க் குரல். "முனுசாமி வூடுதான். அவரு எங்க மாமனாரோட அப்பா. நீங்க?" மாமா விஷயத்தைச் சொன்னார். அவ்வளவுதான். "பங்காளி வந்துகிறாங்கடி!" என்று ஒரே சத்தம். உலை ஏறியது. மொட்டை போடுபவருக்கு ஆள் போனது. அவர்கள் குலதெய்வமான வேப்பமரத்தடிப் பொன்னியம்மன் கல்லுக்கு மஞ்சள் பூசினார்கள். மாமா அந்தக் கல்லின் முன்னால் நின்று தேம்பி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. தாய்மாமன் மடி வேண்டுமே, என் தம்பி பெங்களூரில் இருக்கிறான். கன்னியம்மாவின் தம்பி தன் மடியைக் கொடுத்தார்.

பாதி மொட்டை ஆனபோது சந்தனம் எடுக்க வீட்டுக்குள் போனேன். சுவரில் மாலை போட்ட படம்: முனுசாமி, மறைவு 1961. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் முனுசாமி அதற்குப் பிறகும் பதின்மூன்று வருடம் தாம்பரத்தில் காபியில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போட்டவர்!

கன்னியம்மாவைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "அடப் போ கண்ணு. பாதித் தலையோட கொயந்தைய இட்டுனு போவியா? பொன்னியம்மா இன்னா, பத்திரம் பாத்துட்டா முடி வாங்குது? பெரியவரு சந்தோசமா கீறாரு, அவராண்ட சொல்லாத."

சொல்லவில்லை. வஞ்சிரம் மீன் குழம்பை மூக்கு முட்டச் சாப்பிட்டோம்.

திரும்பும் பஸ்ஸில் கோபி மொட்டைத் தலையை என் தோளில் சாய்த்து ஒரு வாரத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினான். மாமா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "அந்தப் படத்தை நான் உள்ள நுழைஞ்சதுமே பார்த்துட்டேன்மா."

"அப்புறம் ஏன் மாமா சொல்லலை?"

"அந்தம்மா உலை வச்சுட்டாங்க. அதோட, சின்ன வயசுல நம்ம சாமி எதுப்பான்னு கேட்டப்பல்லாம் எனக்கு அடிதான் விழுந்துது. எழுபது ஆகுது. ஒரு தடவையாவது நம்ம சாமின்னு ஒண்ணு முன்னாடி நிக்கணும்னு இருந்துச்சு. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு கன்னியம்மாகிட்ட கேட்டுக்கிட்டேன்."

என்னிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார் அந்த மகராசி!

வேர் தேடிக் கிளம்புகிறவர்களுக்கு: பேரை நம்பாதீர்கள், இறந்த வருடத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். தொப்பி, தண்ணீர், மாற்றுச் சட்டை அவசியம். சாப்பாடு கட்டிக்கொண்டு போகத் தேவையில்லை.

போன வாரம் கன்னியம்மா போன் செய்தார். பொன்னியம்மனுக்கு ஆடித் திருவிழாவாம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுகிறார்களாம், எங்கள் பேரையும் சேர்த்தாயிற்றாம். வரியைக் கேட்டதும் மாமாவுக்கு வந்ததே கோபம்! போனைப் பிடுங்கி, "போன வருசக் கணக்கு எங்க? யாரைக் கேட்டு ஏத்துனீங்க?" என்று அரை மணி நேரம் கத்தினார். அந்தப் பக்கமும் சளைக்கவில்லை.

வரியும் கேட்டாயிற்று, சண்டையும் போட்டாயிற்று. நாங்கள் பங்காளிகள் இல்லையென்று இனி யார் வந்து சொல்ல முடியும்?