விளக்கு வைத்த பிறகு கொட்டிய குப்பை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. புந்தோங் வீட்டின் கூடத்தில், சாமி மேடைக்குப் பக்கத்தில் அந்தப் பழைய பெட்டி இருந்தது. சித்தியின் கல்யாணப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். தாப்பா ஊரில் புருஷன் வீட்டில் வாழப்போன சித்தி ஒற்றைப் பையோடு திரும்பி வந்த வாரத்தில் படங்களைக் காணவில்லை.

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கையை எப்படியாவது தாப்பாவுக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதற்குப் படங்களாவது பத்திரமாக இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். மாமாவைக் கூப்பிட்டாள். அவர் திரையின் மூலையிலிருந்த குப்பைத்தொட்டியைத் திறந்தார். அத்தனையும் அதில் கிடந்தன.

"பயப்படாதக்கா. ஒரு தட்டு தட்டுனா எங்கேருந்து வந்துச்சோ அங்கேயே திரும்பிப் போயிரும்லா" என்றவர், சித்தியைப் பார்த்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்திருந்த சித்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

படங்கள் பழைய இடத்துக்குப் போயின. இரண்டே நாளில் மறுபடியும் தொட்டியில் விழுந்தன. மாமா திரும்ப எடுத்துவைத்தார், திரும்பவும் விழுந்தன. இப்போது நினைத்தாலும் எனக்கு அலுப்பாக இருக்கிறது. மாமா வைரஸ் என்றார். நான் பேய் என்று பள்ளியில் பெருமையடித்தேன். அம்மா கம்ப்யூட்டர் நெற்றியில் திருநீறு பூசினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, விளக்கு ஏற்றியாகிவிட்டது. விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் வாழைப்பழத் தோல்கூட வாசல் தாண்டாது. லட்சுமி கூடவே போய்விடுவாளாம். சித்தி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தொட்டியைக் காலி செய்தாள். கம்ப்யூட்டரிலிருந்து காகிதம் கசங்கும் சத்தம் கேட்டது.

"அம்மா! விளக்கு வச்ச பிறகு சித்தி குப்பை கொட்டுறாங்க!"

அம்மா ஏற்கெனவே அவள் பின்னால்தான் நின்றிருந்தாள். சித்தி திரும்பவில்லை. "முடியலக்கா" என்றாள்.

அம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "கொட்டட்டும், விடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மாமா தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கடைக்குக் கொண்டுபோகலாம் என்றார். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அலமாரியில் தன் சேலைகளை ஒதுக்கிச் சித்தியின் துணிகளுக்கு இடம் செய்துகொண்டிருந்தாள்.

அதன் பிறகு அந்த வைரஸ் வரவே இல்லை. திருநீறுதான் வேலை செய்தது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.