தடியை அறையில் விட்டுவிட்டுத் துறைமுகம் பார்த்தவர்

டெலிபோன்காரர் ஊர் பார்க்கக் கிளம்புகிறார் என்றதும் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஒன்பது வயதில் காய்ச்சலில் இரண்டு கண்ணும் போன மனிதர். அவருக்குத் துறைமுகம் ஒரு கேடா என்று பக்கத்து வீட்டுக்காரர் நேராகவே கேட்டுவிட்டார்.

"நீங்க பஸ் ஜன்னல்ல எட்டிப் பார்த்துட்டு வருவீங்க. நான் இறங்கிப் பார்த்துட்டு வருவேன்," என்று பதில் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினார்.

முப்பத்தொரு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். பாம்புச் செவி. "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே எந்த டாக்டர், அவர் சாப்பிட்டாரா இல்லையா என்பதுவரை கண்டுபிடித்துவிடுவார். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தக் காதைக் கழற்றி வைத்துவிடுவார் போலிருக்கிறது. அவர் மனைவி தையல்காரி. இருபத்தாறு வருஷமாக அவருக்குக் கண் அவள்தான். அவள் கூட வரும்போது வெள்ளைத் தடியை எடுக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"நான் இருக்கும்போது தடி எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்பாள். அன்றும் தடி லாட்ஜ் அறையிலேயே இருந்தது.

துறைமுகத்தில் இறங்கியதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. லாரி ஹாரன், கிரேன் சங்கிலி, சுமை தூக்குபவர்களின் வசவு, டீசல் நாற்றம் எல்லாம் ஒன்றாக வந்து மோதின. அவள் முழங்கையைப் பிடித்தபடி நடந்தார்.

"வெள்ளையா ஒரு கப்பல் கிளம்புதுங்க. எவ்வளவு பெருசு!"

அவர் காதில் விழுந்தது வேறு. கயிறு இறுகி இறுகி முனகிக்கொண்டிருந்தது. "கட்டிப்போட்ட கப்பல் எப்படிம்மா கிளம்பும்?" என்று சீண்டினார். அவள் சிரித்தாள். ஆனால் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

மணிக்கூண்டருகே இருந்த ஒரு பலகையை யாரோ தன் குழந்தைக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நமக்கும் படியேன் என்றார் இவர். "ஏதோ பழைய கதை, விடுங்க," என்றாள். பொட்டிக்கடைப் பலகையைக்கூட விடாமல் படித்துச் சொல்கிறவள் அவள். அப்புறம் படி இறங்கும்போது மூன்று என்றாள், நான்கு இருந்தன. அவர் தடுமாறி அவள் மேலேயே சாய்ந்தார்.

"பார்த்து வரக்கூடாதா?" என்று அவள் கத்தினாள். அப்படி ஒரு நாளும் கத்தியதில்லை. அவர் மறுபடி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என்ன ஆச்சு என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும் என்பேன் நான்.

வெயில் உச்சிக்கு ஏறியது. கூட்டத்தின் சத்தம் மெல்ல மெல்லப் பின்னால் போனது. காலடியில் தார் போய்க் கருங்கல் வந்தது. காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது.

"எங்கே போறோம்?"

"கடலுக்குள்ள நீட்டி ஒரு பாதை போட்டிருக்காங்க. முனையில நின்னா முழுத் துறைமுகமும் தெரியுமாம்."

தெரியுமாம் என்றாள். தெரியுது என்று சொல்லவில்லை. அப்போதுதான் அவர் அவள் செருப்பைக் கவனித்தார். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அது கல்லை ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு ஊன்றியது. அந்தச் சத்தம் அவருக்கு அத்துப்படி. ஐம்பது வருஷமாக அவர் கால் போடும் சத்தம் அது. போன வருஷம் முதுகுவலி என்று தையல் மெஷினை விற்றாளே, அதுவும் சேர்ந்து உறைத்தது.

பின்னால் எங்கேயோ காவலாளி அலறினான். "போகாதீங்க! கைப்பிடிச் சுவர் இடிஞ்சு கிடக்கு! அங்கேயே நில்லுங்க!" பாதிச் சொல்லைக் காற்று அடித்துக்கொண்டு போனது.

இருவரும் நின்றார்கள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"ஒன்றரை வருஷம். நடுவுல கறுப்பா ஒரு வட்டம். ஓரத்துல கொஞ்சம் தெரியும், அதை வச்சு ஓட்டிட்டேன். இந்த வெயில்ல அதுவும் இல்லைங்க, எல்லாம் வெள்ளையா இருக்கு."

"டாக்டர்?"

"திரும்பாதுன்னுட்டாரு. உங்களுக்கு ஒரு தடவை கடலைக் காட்டிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

அவருக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் அது இடமில்லை. காவலாளியின் குரல் இப்போது கேட்கவே இல்லை. அவள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, கடல் எந்தப் பக்கம் இருக்கு?"

அவர் மூச்சை அடக்கிக் கேட்டார். இடப்பக்கம் தண்ணீர் கல்லில் அறைந்தது. வலப்பக்கமும் அறைந்தது. முன்னால், மிகக் கிட்டத்தில், கீழேயிருந்து அறைந்தது.

"உட்காரு," என்றார். "அப்படியே, நின்ன இடத்திலேயே உட்காரு."